கால் மைல் ஓட்டம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா என்றால் குறளைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ ஒரு புலவர் பேசுவதும், நாம் கேட்டு மகிழ்வதும் வழக்கம். இவ்வாண்டு ஒரு ரயில்வே குமாஸ்தாவை, அதுவும் மெட்ரிகுலேஷனுக்கு மேல் படியாத ஒருவனை, மேடையில் ஏற்றியிருக்கிறீர்கள். இடுக்கி மாவட்டத்தில் ஓரடி ரயில் பாதைகூடக் கிடையாது. இந்தக் குமுளியில் ரயில்வேக்காரனுக்கு என்ன பேச்சு என்று சிலர் எண்ணலாம். காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்ததே. நம் காலனியின் பின்புறத்தில், பலாமரத்தடியில், ஆறு மாதமாக ஒரு பழைய பிக்கப் வண்டி கூடு வேறு எஞ்சின் வேறாக நிற்கிறது. பதிவு நீக்கப்பட்ட அந்த வண்டியை நம் பிள்ளைகள் இருவர் வாங்கி, பந்தய வண்டியாக்கப் போகிறோம் என்று இறங்கியிருக்கிறார்கள். இதைத் தடுக்க வேண்டும் என்று ஒரு சாராரும், ஊக்குவிக்க வேண்டும் என்று மற்றொரு சாராரும் சென்ற செயற்குழுவில் இரவு பத்து மணி வரை வாதாடினார்கள். முடிவில், "டீஸல் ஷெட்டில் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதியவர் நீர், நீரே விஷயத்தைச் சொல்லும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எனக்கும் இதில் ஒரு சொந்தச் சங்கடம் உண்டு. இரண்டு இலட்ச ரூபாய்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டு அப்பிள்ளைகளில் ஒருவன் என்னிடம் வந்தான். பின்னாலேயே அவன் தாயாரும் வந்து, "அண்ணே, போடாதீங்க" என்று சொல்லிப் போனார். அந்தக் காகிதம் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஆகவே நான் இங்கே நடுநிலையாளன் அல்லன். இன்னும் முடிவெடுக்காதவன், அவ்வளவே.

முதலில் இந்தப் பந்தயம் இன்னதென்று தாய்மார்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் டிராக் ரேஸ் என்பார்கள். வளைவும் இல்லை, மேடும் இல்லை. நேரான சமதளப் பாதையில் இரண்டு வண்டிகள் அருகருகே நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, கால் மைல், அதாவது 402 மீட்டர், யார் முதலில் கடக்கிறார்கள் என்று பார்ப்பது. மஞ்சள் விளக்குகள் எரிந்து பச்சை விழும். பச்சைக்கு முன் நகர்ந்தவனுக்குச் சிவப்பு, அவன் தோற்றான். அமெரிக்காவில் வாலி பார்க்ஸ் என்பவர் 1951-இல் இதற்கென ஒரு தேசிய சங்கம் நிறுவினார். ஊர்த் தெருக்களில் இளைஞர்கள் மோதிச் சாகிறார்களே, அவர்களை ஒழுங்கான தளத்துக்குக் கொண்டுவருவோம் என்பதே அவருடைய பெரிய வாதம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இது நமக்குப் புதியதென்றும் எண்ண வேண்டா. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அதில் ஆண்டுதோறும் பந்தயங்கள் நடத்தினார்கள். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தமக்கென ஒரு பந்தயத் தளமே கட்டி, 1990-இல் திறந்தார்கள். கோயம்புத்தூரில் கரிவரதன் என்ற பெருந்தனக்காரர், மாருதி எஞ்சினை வைத்துப் பந்தய வண்டிகளைத் தாமே கட்டி, வசதியற்ற இளைஞர்களும் ஓட்டும்படி செய்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் காலமானார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தளம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்பவனை உதவாக்கரை என்று நினைக்கும் பெரியவர்கள் இவற்றையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் டீஸல் எஞ்சினை வைத்துப் பந்தயமா? பளு சுமக்கப் பிறந்த எருமையைக் குதிரைப் பந்தயத்தில் விடுவதுபோல் இல்லையா? நானும் அப்படித்தான் சிரித்தேன். பிறகு படித்துப் பார்த்ததில் என் சிரிப்பு அடங்கியது. ருடால்ஃப் டீஸல் தம் எஞ்சினை 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஓட்டிக் காட்டினார். அதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1931-இல், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் கம்மின்ஸ் கம்பெனியின் டீஸல் வண்டி ஒன்று, எண்ணெய்க்காகக்கூட ஒருமுறையும் நிற்காமல் ஐந்நூறு மைலையும் ஓடி முடித்து 13-ஆம் இடம் பெற்றது. 1952-இல் அதே கம்பெனியின் மற்றொரு டீஸல் வண்டி, எல்லாப் பெட்ரோல் வண்டிகளையும் தகுதிச் சுற்றில் முந்தி முதல் வரிசையின் முதல் இடத்தில் நின்றது. பந்தயத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? 71-ஆம் சுற்றில் நின்றுவிட்டது. எஞ்சினில் பழுதில்லை, தரையிலிருந்து பறந்த டயர்த் துணுக்குகள் காற்று இழுக்கும் வாயை அடைத்துவிட்டன. உலகத்துப் பெரிய எஞ்சினியர்கள் செய்த வண்டி மூச்சு முட்டி நின்றது!

பிக்கப் வண்டியைப் பற்றித்தானே பேச்சு? 2002-இல் கேல் பேங்க்ஸ் என்பவர் ஒரு டாட்ஜ் டகோட்டா பிக்கப்பில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினை வைத்து, பான்வில் உப்புப் பாலையில் மணிக்கு 217 மைல் ஓட்டினார். அதைவிட எனக்கு வியப்பானது, அதே வண்டி தன் சாமான் டிரெய்லரைத் தானே இழுத்துக்கொண்டு சாதாரண சாலையில் அங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான். தாய்லாந்தில் இன்று டீஸல் பிக்கப் கால் மைல் ஓட்டம் ஊர்த் திருவிழாபோல நடக்கிறது. அங்கே இசூசு டி-மேக்ஸ் பிக்கப் நம் ஊர் ஜீப்புபோல எல்லார் வீட்டிலும் உண்டு. அதன் மூன்று லிட்டர் எஞ்சினைத் திருத்தி, எடை குறைந்த கூட்டில் வைத்து, கால் மைலைப் பத்து வினாடிக்குள் ஓடிவிடுகிறார்கள். ஏலக்காயும் காய்கறியும் ஏற்றும் வண்டியின் தம்பிதான் அதுவும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் என்னிடம் வந்து, "மாமா, பம்ப்பைத் திருகி டீஸலைக் கூட்டினால் சக்தி கூடுமல்லவா?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் மெழுகுவத்திபோல் ஒரு பிளக் பொறி தருகிறது. டீஸலில் பொறியில்லை. காற்றை நெருக்கி நெருக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டில் எண்ணெயைத் தெளித்து எரிய வைக்கிறோம். எண்ணெயைக் கூட்டுவது ஒரு திருகாணி வேலை. காற்றைக் கூட்டுவதுதான் கடினம். கணக்கைப் பாருங்கள். அவர்கள் எஞ்சின் இரண்டரை லிட்டர், டர்போ இல்லாத பழையது. நிமிஷத்துக்கு 4000 சுற்று ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சிழுப்பதால், உச்சமாக 5000 லிட்டர் காற்று, அதாவது சுமார் ஆறு கிலோ. கரும்புகை இல்லாமல் எரிய, எண்ணெயைப்போல் இருபது பங்கு எடை காற்று வேண்டும். எனவே நிமிஷத்துக்கு 300 கிராம் டீஸல்தான் அதற்கு ஜீரணமாகும். அதிலிருந்து எஞ்சினின் இழப்புகளெல்லாம் போக எண்பது குதிரைச் சக்தி தேறினால் பெரிது. அதற்கு மேல் ஊற்றிய எண்ணெய் சக்தியாகாது. ஒரு பகுதி புகையாகும், மீதி சூடாகும். அந்தச் சூடு அலுமினிய பிஸ்டனை மெழுகாய் உருக்கிவிடும். மேலும் நம் குமுளி ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கீழே கம்பத்தைவிட இங்கே காற்று மெலிந்தது. ஆகவே கம்பத்தில் புகையாத வண்டி இங்கே புகைவதில் வியப்பில்லை.

காற்றைக் கூட்டும் வழியை 1905-இல் ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பியூக்கி காப்புரிமையாகப் பதிவு செய்தார். வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சிலுள்ள மறு சக்கரம் புதுக் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். அதுவே டர்போ. எங்கள் ரயில் எஞ்சின்களில் இதை நான் தினமும் பார்த்தவன். அமெரிக்க ஆல்கோ வடிவத்தில் 1962-இல் வந்து, 1964 முதல் வாரணாசியில் கட்டப்பட்ட டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின் பதினாறு சிலிண்டரில் 2600 குதிரைச் சக்தி தந்தது. போடி மீட்டர்கேஜில் ஓடிய எஞ்சின் அதன் ஆறு சிலிண்டர் தம்பி. 2010-இல் அந்தப் பாதை அகலப்படுத்த மூடப்படும் வரை அதைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். புறப்படும்போது அது கரும்புகையைக் கக்கியதே, ஏன்? டிரைவர் எண்ணெயைக் கொடுத்துவிட்டார், டர்போ சக்கரம் இன்னும் வேகம் பிடிக்கவில்லை, காற்று போதவில்லை. அந்தச் சில வினாடித் தாமதம் ரயிலுக்குப் பெரிதல்ல. பதின்மூன்று வினாடியில் முடியும் பந்தயத்துக்கு அதுவே தலையெழுத்து. ஆகையால்தான் பெரிய டர்போ வாங்கினால் பெரிய வெற்றி என்று எண்ணுவது பேதைமை. சிறியது விரைவில் விழிக்கும், பெரியது பிறகு வீறிடும். இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறவர்களும் உண்டு. காற்றை அமுக்கினால் அது சூடேறி விரியும், அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். அழுத்தம் கூடினால் ஹெட் கேஸ்கெட் பிய்யும்; கிளச் வழுக்கும்; புரொப்பல்லர் தண்டு முறுக்கிக்கொள்ளும். ஒன்றைப் பலப்படுத்தினால் அடுத்தது ஒடியும். வீட்டில் ஒரு அறைக்கு வெள்ளையடித்தால் மற்ற அறைகளெல்லாம் அழுக்காகத் தெரிவதுபோலத்தான்.

சரி, இத்தனையும் செய்தால் எவ்வளவு வேகம்? மோட்டார்க்காரர்கள் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். எடையைச் சக்தியால் வகுத்து, அதன் கனமூலத்தை எடுத்தால் நேரம் தெரியும். வண்டி, ஆள் சேர்த்து 1800 கிலோ, சக்தி 75 என்று வைத்துக்கொள்வோம். கால் மைலுக்குச் சுமார் 22 வினாடி. சக்தியை இரட்டித்து 150 ஆக்கினால் பதினேழரை. மறுபடி இரட்டித்து 300 ஆக்கினால் பதின்மூன்றே முக்கால். ஒவ்வொரு முறையும் செலவு பன்மடங்காகும். நேரமோ ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் 300-இல் நிறுத்திக்கொண்டு, இருக்கை, கதவு, கண்ணாடி, பின்தொட்டி என்று 400 கிலோவைக் கழற்றி எறிந்தால் பன்னிரண்டே முக்காலுக்கு வந்துவிடும். கழற்றுவதற்கு ஸ்பானரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போதும். இதைச் சொன்னபோது அப்பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடன் தொகையில் பாதி அந்த நிமிஷமே குறைந்தது என்று நினைக்கிறேன். பிக்கப்பில் ஒரு வில்லங்கமும் உண்டு. பின்னால் சுமை இல்லாவிட்டால் பின்சக்கரங்களில் எடை இராது. சக்தி எவ்வளவு இருந்தாலும் டயர் நின்ற இடத்திலேயே சுழன்று புகையும். எனவே பேட்டரி போன்ற கழற்ற முடியாத பளுவையெல்லாம் பின்னுக்கு மாற்ற வேண்டும்.

இப்பொழுது தாய்மார்கள் கவலைப்படும் பகுதிக்கு வருகிறேன். 300 குதிரைச் சக்தி வண்டி கால் மைல் கோட்டைக் கடக்கும்போது ஏறக்குறைய மணிக்கு 160 கிலோமீட்டரில் போகும். நல்ல பிரேக், நல்ல தரை இருந்தாலும் அதை நிறுத்த இன்னும் நூறு மீட்டருக்கு மேல் வேண்டும். பிரேக் சூடேறினால் அதுவும் போதாது. அமெரிக்காவில் 2008-இல் ஒரு புகழ்பெற்ற ஓட்டுநர் தளத்தின் எல்லையைத் தாண்டி மோதி இறந்த பிறகு, மிக வேகமான வகுப்புகளுக்குக் கால் மைலையே குறைத்து ஆயிரம் அடியாக்கிவிட்டார்கள். அறுநூறு மீட்டருக்கு மேல் நேராக, சமமாக, ஆளில்லாத சாலை குமுளியில் எங்கே இருக்கிறது? லோயர் கேம்புக்கு இறங்கும் மலைச்சாலையிலா? 2022 டிசம்பரில் ஐயப்பமார்கள் வந்த வண்டி அச்சாலையில் பள்ளத்தில் உருண்டு எட்டுப் பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. விடியுமுன் அதே மலைப் பாதைகளில்தான் நம் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு ஏறிவருகிறார்கள். அந்தச் சாலையில் ஒருமுறை "சும்மா பார்க்கிறேன்" என்று மிதித்தாலும் அவனுக்காக இம்மேடையில் யாரும் பேச மாட்டார்கள். நான் நிச்சயமாகப் பேச மாட்டேன்.

சட்டமும் அப்படியே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பின், முதல் முறைக்கே மூன்று மாதச் சிறையோ ஐயாயிரம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு. பதிவுள்ள வண்டியின் அமைப்பை மாற்றுவதும் குற்றம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. நம் வண்டி பதிவு நீக்கப்பட்டது. ஆகவே சாலையில் சக்கரமே படக் கூடாது. லாரியில் ஏற்றி, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய், இருங்காட்டுக்கோட்டை போன்ற தளத்தில் அனுமதி பெற்று இறக்க வேண்டும். லாரி வாடகையையும் கடன் கணக்கில் எழுதினீர்களா என்று கேட்டேன். எழுதவில்லை.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-இல் டீஸல் புகையைப் புற்றுநோய் தருவது என்று ஐயமின்றி வகைப்படுத்திவிட்டது. அமெரிக்காவில் பத்தாண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட டீஸல் பிக்கப்புகளில் புகை வடிக்கும் கருவிகளைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள் என்று அந்நாட்டு அரசாங்கமே 2020-இல் கணக்கிட்டது. கருமேகம்போல் புகை விடுவதை அங்கே சில இளைஞர்கள் ஆண்மை என்று கருதுகிறார்களாம். எனக்குத் தெரிந்த ஷெட் மிஸ்திரி ஒருவர் கரும்புகையைக் கண்டால், "அரசாங்கத்து எண்ணெய் ஆகாயத்துக்குப் போகுது" என்று தலையில் அடித்துக்கொள்வார். புகை விடும் வண்டி தோற்கும் வண்டி. இதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் எனக்கு அச்சம் தருவது ஒன்று. பெட்ரோல் வண்டி சாவியைத் திருப்பினால் நிற்கும். டீஸல் சில சமயம் நிற்காது. டர்போவின் சீல் தேய்ந்து எஞ்சினின் சொந்த எண்ணெயே காற்றோடு உள்ளே போனால், அது தன் எண்ணெயைத் தானே குடித்துக்கொண்டு வெறிபிடித்து ஓடும். டீஸலை அடைத்தாலும் நிற்காது, சாவியைப் பிடுங்கினாலும் நிற்காது. சுற்று ஏறிக்கொண்டே போய்ச் சிதறும் வரை ஓடும். ஒருமுறை ஷெட்டில் சோதனைக்கு ஓட்டிய ஒரு சிறு ஜெனரேட்டர் அப்படி ஓடியதை நான் கண்ணால் கண்டேன். பத்துப் பதினைந்து பேர் சுவர் ஓரமாகப் பதுங்கினோம். ஒரு வயதான ஃபிட்டர் மட்டும் நிதானமாகப் போய், தடித்த பலகை ஒன்றைக் காற்று இழுக்கும் வாயில் வைத்து அழுத்தினார். மூச்சடைத்து எஞ்சின் நின்றது. அவர் கை நடுங்கியது அப்புறந்தான். பந்தய வண்டிகளில் இதற்கென ஒரு தகட்டுக் கதவு வைப்பார்கள். ஓட்டுபவன் கயிற்றை இழுத்தால் அது விழுந்து காற்றை அடைக்கும். நம் பிள்ளைகளின் பட்டியலில் டர்போ இருந்தது, இன்டர்கூலர் இருந்தது, வண்டியின் பக்கவாட்டில் எழுதச் சாயம்கூட இருந்தது. தகட்டுக் கதவு இல்லை. ஓட்டுபவனைச் சுற்றிய இரும்புக் குழாய்க் கூண்டு இல்லை. தண்டு ஒடிந்து தரையில் ஊன்றாமல் தாங்கும் வளையம் இல்லை. தீயணைப்பானும் இல்லை.

பட்டியலை நான் திருப்பிக் கொடுத்தேன். இவற்றை மேலே எழுதி, சாயத்தைக் கீழே எழுதி, மொத்தத்தை மறுபடி கூட்டி வா தம்பி என்றேன். மூன்றாம் நாள் வந்தான். டர்போவைப் பழையதாக வாங்குவதாகவும், தொட்டியையும் கதவுகளையும் பழைய இரும்புக்கு விற்றுக் கூண்டுக்குக் குழாய் வாங்குவதாகவும் எழுதியிருந்தான். மொத்தம் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம். எழுத்துக்கூட்டலில் பிழை இருந்தது, கூட்டலில் இல்லை. அவன் தாயாரிடம் அதைக் காட்டினேன். அவர் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இத்தனை கணக்கு இவனுக்கு எப்போ வந்தது?" என்று மட்டும் கேட்டார். போடுங்கள் என்றும் சொல்லவில்லை, போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

செயற்குழு என்னிடம் கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான். காலனி இடத்தில் வண்டி நிற்கட்டும். எஞ்சின் ஓட்டுவது பகலில், பெரியவர் ஒருவர் முன்னிலையில் மட்டும். மூன்று முறை எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டி, மூன்று முறையும் தகட்டுக் கதவால் நிறுத்திக் காட்ட வேண்டும். பிறகு லாரியில் ஏற்றிக் கம்பத்து எடை மேடையில் எடை போட்டு, சீட்டை என்னிடம் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டு வந்த அன்று சட்டைப்பையிலுள்ள காகிதத்தை எடுப்பேன்.

தகட்டுக் கதவின் முதல் சோதனை வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. பார்க்க விரும்புவோர் வரலாம். குழந்தைகளைப் பலாமரத்துக்கு இப்பால் நிறுத்திக்கொள்ளுங்கள். தடித்த பலகை ஒன்றை நானே கொண்டுவருகிறேன்.